வீட்டில் படம் காட்டும்போது: ரீலின் அளவும் இடைவேளையும்

ஒரே ஒரு 16 எம்எம் (16 மில்லிமீட்டர் அகல ஃபிலிமை ஓட்டும்) புரொஜெக்டரை வைத்துக்கொண்டு வீட்டில் நண்பர்களுக்கு முழுநீளப் படம் காட்ட விரும்புகிறவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கையிலுள்ள படம் மூன்று ரீல்களில் இருக்கிறது. அவற்றைப் பெரிய ரீல்களில் ஒட்டிச் சேர்த்து நிறுத்தங்களைக் குறைப்பதா, அல்லது ஒவ்வொரு ரீலும் முடியும்போது நிறுத்தி அதையே இடைவேளையாக வைத்துக்கொள்வதா? கூடவே, தம்மிடமுள்ள சிறிய சூப்பர் 8 (8 எம்எம் அகல ஃபிலிம்) படங்களை 400 அடி ரீல்களில் ஒன்றுசேர்க்கலாமா என்றும் கேட்கிறார். முதல் கேள்விக்கு என் பதில், ஒட்டிச் சேர்க்கத் தேவையில்லை என்பதுதான். இரண்டாவதற்கு, சேர்க்கலாம், ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்க முடியாது. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படத்துக்குப் படம் விடை கொஞ்சம் மாறும்.

கேள்விக்குள்ளேயே இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ரீல் மாற்றுவது புரொஜெக்டரை இயக்குகிறவரின் வேலை. பழகிய கைக்கு ஓரிரு நிமிடம் போதும், அறையின் பெரிய விளக்கைப் போட வேண்டியதில்லை, யாரும் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. இடைவேளை பார்ப்பவர்களுக்கானது, அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும், வெளிச்சம் வேண்டும், பேசவும் நடக்கவும் இடம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறவர்கள் மூன்று ரீல் படத்துக்கு இரண்டு இடைவேளை விட்டுக் கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறார்கள், அல்லது அதற்குப் பயந்து தங்கள் கருவி தாங்காத அளவுக்கு ரீலைப் பெரிதாக்குகிறார்கள். ரீல் முடியும் இடத்தில்தான் இடைவேளை விட வேண்டும் என்பதும் இல்லை, இடைவேளை விடாத இடத்தில் ரீல் முடியக் கூடாது என்பதும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 16 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம்கள் (தனித்தனிப் படக்கட்டங்கள்) இருக்கின்றன. ஒலிப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடுவதால் நிமிடத்துக்கு 36 அடி ஃபிலிம் செலவாகிறது. ஆகவே 400 அடி ரீல் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். 800 அடி 22 நிமிடம், 1200 அடி 33 நிமிடம், 1600 அடி 44 நிமிடம், 2000 அடி 55 நிமிடம். சில ரீல்களில் அடிக்குப் பதிலாக 120, 240, 360, 480, 600 என்று மீட்டரில் குறித்திருப்பார்கள். நடைமுறையில் அவை இதே அளவுகள்தான்.

இந்த எண்களைக் கொண்டு பார்த்தால், 1600 அடி ரீல் இரண்டில் ஏறத்தாழ 89 நிமிடப் படம் அடங்கும். லீடருக்கு (படத்தின் முன்னும் பின்னும் ஒட்டும் வெற்று ஃபிலிமுக்கு) ஆகும் அடிகளைக் கழித்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 2000 அடி ரீல் இரண்டில் 111 நிமிடம் வரை அடங்கும். அதாவது, படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் 110 நிமிடத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தால் 1600க்கும் 2000க்கும் உள்ள வேறுபாட்டால் உங்களுக்கு உண்மையான லாபம்: இரண்டு நிறுத்தம் ஒன்றாகும். அதற்குக் குறைந்த முழுநீளப் படம் இந்த இரண்டு அளவிலும் ஒரே நிறுத்தத்தில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரப் படம் 4320 அடி. அது 1600 அடி ரீலிலும் மூன்று, 2000 அடி ரீலிலும் மூன்று. அப்படிப்பட்ட படத்தை 2000 அடிக்கு மாற்றி ஒட்டுவதில் உழைப்பும் ஃபிலிமும் வீணாவதைத் தவிர வேறு பலன் இல்லை. உங்கள் படத்தின் நீளத்தை முதலில் அளந்துவிட்டு இந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

1600 அடி என்ற அளவுக்கே ஒரு பின்னணி உண்டு. திரையரங்குகளின் 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம்தான். எனவே அதே படம் 16 எம்எம்மில் அடியளவில் இரண்டரை மடங்கு குறைகிறது. 35 எம்எம்மின் 1000 அடி இங்கே 400 அடி. 2000 அடி இங்கே 800 அடி. பழைய குறும்படங்களை ஒரு ரீல் படம், இரண்டு ரீல் படம் என்று சொல்லும்போது குறிப்பிடப்படுவது அந்த 1000 அடி அளவைத்தான். திரையரங்குக்குப் படங்கள் பெரும்பாலும் 2000 அடிக்கு மேற்படாத ரீல்களாகப் போனதால், அவற்றில் இரண்டைச் சேர்த்து 16 எம்எம்மாகச் சுருக்கினால் அது 1600 அடி ரீலில் சரியாக உட்காரும்.

வீட்டில் காட்டுகிறவருக்கு இது வெறும் வரலாறு அல்ல. திரையரங்குகளில் இரண்டு புரொஜெக்டர்களை மாறி மாறி ஓட்டி ரீல்களைத் தொடர்ந்ததால், ஒவ்வொரு ரீலின் முடிவிலும் திரையின் வலது மேல்மூலையில் சிறு வட்டக் குறிகள் இரண்டு முறை தோன்றும். முதற்குறி ரீல் முடிய ஏழெட்டு நொடி இருக்கும்போது வந்து, அடுத்த கருவியின் மோட்டாரை ஓட்டச் சொல்லும்; இரண்டாவது குறி ஏறத்தாழ ஒரு நொடி இருக்கும்போது வந்து, மாறச் சொல்லும். மூல நெகட்டிவிலிருந்து வந்த இந்தக் குறிகள் பல 16 எம்எம் பிரதிகளிலும் அப்படியே தெரியும். மாறும் தருணத்தில் ஓரிரு ஃபிரேம் தவறினாலும் படம் கெடக் கூடாது என்பதற்காக, படத்தொகுப்பாளர்கள் ரீலின் கடைசி நொடிகளில் முக்கியமான வசனத்தையோ தொடர்ந்து செல்லும் இசையையோ வைப்பதைக் கூடியவரை தவிர்த்தார்கள். ஆகவே உங்கள் படத்தை எங்கே நிறுத்தலாம் என்று தேடும்போது, அந்தக் குறிகள் வரும் இடங்களை முதலில் பாருங்கள். ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அவை, படத்தை உருவாக்கியவர்களே பாதுகாப்பானது என்று கருதிய முறிவிடங்கள். அவற்றுள் ஒரு காட்சி மங்கி மறைந்து அடுத்தது புலர்கிற இடம் கிடைத்தால் அதைவிடச் சிறந்த இடைவேளைப் புள்ளி வேறில்லை.

இனி ரீலின் அளவைக் கட்டுப்படுத்தும் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். புரொஜெக்டரின் கரத்தில் எவ்வளவு பெரிய ரீல் தொங்கும் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. வாங்கும் ரீலை, அதாவது ஓடி முடிந்த ஃபிலிம் வந்து சுற்றும் ரீலைச் சுழற்றுவது, அளவோடு வழுக்கும்படி அமைக்கப்பட்ட ஒரு கிளட்ச் அல்லது ஸ்பிரிங் பெல்ட். அது தருகிற முறுக்கு விசை ஏறத்தாழ மாறாதது. ஆனால் ஃபிலிம் மீது விழும் இழுப்பு, சுருளின் ஆரத்தைப் பொறுத்தது. வெறும் ரீலாக இருக்கும்போது ஆரம் சிறிது என்பதால் இழுப்பு மிகுதி, ரீல் நிரம்ப நிரம்ப இழுப்பு குறைகிறது. கிளட்சை முதல் சுற்றுக்கு ஏற்பத் தளர்த்தினால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஃபிலிம் சுற்றாமல் தரையில் குவியும்; கடைசிச் சுற்றுக்கு ஏற்ப இறுக்கினால் தொடக்கத்தில், ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் கீழ் லூப்பைப் பறித்து, ஃபிலிம் ஓரத்துத் துளைகளைச் சிதைக்கும். பெரிய ரீல்களின் நடுக்குடத்தை (ஃபிலிம் சுற்றத் தொடங்கும் மையப் பகுதியை) பெரிதாகச் செய்வதே இந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான். சில கருவிகளில் ரீலின் எடை கூடக்கூடக் கிளட்சின் பிடியும் கூடும்படி அமைத்திருப்பார்கள். அத்தகையவை 2000 அடியைச் சிரமமின்றி ஏற்கும். அந்த ஏற்பாடு இல்லாத சிறிய கருவியில் நீட்டிப்புக் கரம் பொருத்திப் பெரிய ரீலை மாட்டுவது, மாட்ட முடிந்ததே என்ற மகிழ்ச்சியை மட்டுமே தரும்.

எடையையும் மறந்துவிடக் கூடாது. 1600 அடி அசெட்டேட் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஃபிலிம் மட்டுமே ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும். அதோடு உலோக ரீலின் எடை. இவ்வளவு எடை சுழன்றுகொண்டிருக்கும்போது கருவியைச் சட்டென்று நிறுத்தினால், கொடுக்கும் ரீல் (இன்னும் ஓடாத ஃபிலிம் உள்ள ரீல்) தன் வேகத்திலேயே மேலும் கொஞ்சம் சுழன்று ஃபிலிமைத் தளர்த்திவிடும். மறுபடி ஓட்டும்போது அந்தத் தளர்வு வெடுக்கென்று இழுபடும். பலவீனமான ஒட்டு பிரிவதும், அசெட்டேட் ஃபிலிம் அறுவதும் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். பாலியெஸ்டர் ஃபிலிம் அறாது. அதை நல்லது என்று எண்ண வேண்டாம், ஏனென்றால் அறாத ஃபிலிம் சிக்கினால் கருவியின் உறுப்புகள்தாம் விலை கொடுக்கும்.

எனவே என் பரிந்துரை: கருவியின் கையேடு 2000 அடி என்று சொன்னால் 1600 அடியை வழக்கமான அளவாக வைத்துக்கொள்ளுங்கள், 2000 அடியை, மேலே சொன்ன கணக்கில் உண்மையிலேயே ஒரு நிறுத்தம் குறையும்போது மட்டும் பயன்படுத்துங்கள். 44 நிமிடம் என்பது பார்ப்பவர்களுக்கும் வசதியான கால அளவுதான்.

வாங்கும் ரீலைப் பற்றி ஒரு சொல். அது கொடுக்கும் ரீலின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் 1200 அடி ரீலும் 1600 அடி ரீலும் இருட்டில் ஒன்றுபோலவே தோன்றும். 1200 அடி ரீலின் விட்டம் ஏறத்தாழ 12 அங்குலம், 1600 அடியுடையது 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 2000 அடியுடையது 15 அங்குலம். தொடங்குவதற்கு முன் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டால் போதும். எதிர்த்திசைத் தவறும் உண்டு: வலுவான கிளட்ச் கொண்ட கருவியில் மிகச் சிறிய ரீலை வாங்கும் ரீலாக மாட்டினால், அதன் சின்ன நடுக்குடத்தில் இழுப்பு மிகுந்து ஃபிலிமுக்குத் தீங்கு வரும். விளிம்பு வளைந்த உலோக ரீலை நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் ஒதுக்கிவிடுங்கள்; ஒவ்வொரு சுற்றிலும் அது எழுப்பும் உரசல் ஒலி பார்ப்பவர்களுக்கு எரிச்சல், ஃபிலிமின் ஓரத்துக்குக் கேடு.

அடுத்து, வெட்டுவதும் ஒட்டுவதும். இரவல் பிரதியிலோ நூலகப் பிரதியிலோ கத்திரியை வைக்கவே கூடாது. சொந்தப் பிரதியாக இருந்தாலும், சிமென்ட் (ஃபிலிமைக் கரைத்து ஒட்டும் பசை) ஒட்டு போடும்போதெல்லாம் குறைந்தது ஒரு ஃபிரேம் போய்விடும். டேப் ஒட்டில் ஃபிரேம் போகாது, ஆனால் காலப்போக்கில் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு வழக்கமான சிமென்ட் பிடிக்காது, டேப்தான். தானாக ஃபிலிம் ஏற்றும் புரொஜெக்டர்களில் தடித்த ஒட்டுகள் வழியில் தட்டுப்படும் வாய்ப்பும் இருக்கிறது.

ஒலிப்படத்தை நடுவில் வெட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. இதைப் பலர் வெட்டிய பிறகுதான் உணர்கிறார்கள். 16 எம்எம் ஒளிவழி ஒலித்தடத்தில் (ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகி, ஒளியால் படிக்கப்படும் ஒலியில்), ஒரு ஃபிரேமுக்குரிய ஒலி அந்த ஃபிரேமின் பக்கத்திலேயே இருப்பதில்லை. 26 ஃபிரேம் முன்னால், அதாவது படத்தின் தலைப்பக்கமாகத் தள்ளிப் பதிவாகியிருக்கிறது. ஃபிலிம் கேட்டை (விளக்கொளி ஃபிரேமின் மேல் விழும் இடத்தை) கடந்து லூப் வழியாகச் சென்ற பிறகே ஒலி உருளையை அடைகிறது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே நீங்கள் ஓர் இடத்தில் வெட்டினால், இரண்டாம் பகுதியின் முதல் 26 ஃபிரேமுக்குரிய ஒலி, முதற்பகுதியின் வாலில் தங்கிவிடும். முதற்பகுதி முடிந்து திரை இருண்ட பின் ஒரு நொடிக்குச் சற்று மேல் அடுத்த காட்சியின் ஒலி கேட்கும். மறுபகுதி தொடங்கும்போது அதே அளவு நேரம் படம் ஊமையாக ஓடும். வெட்டும் இடம் அமைதியான மங்கலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. வசனத்தின் தொடக்கத்தில் வெட்டினால் முதற்சொல் போயே போய்விடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இடைவேளைக்காக வெட்டவே தேவையில்லை. ரீலின் நடுவிலும் கருவியை நிறுத்தலாம். இரண்டாவது ரீலின் பத்தாவது நிமிடத்தில்தான் கதை மூச்சு வாங்குகிறது என்றால், ரீல்களை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். முறை இது: ஒலியை மெதுவாகக் குறைத்து, முதலில் விளக்கை அணைத்து, பிறகு மோட்டாரை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் கேட்டில் நிற்கும் ஒற்றை ஃபிரேம் விளக்கின் சூட்டில் உருகிக் குமிழ்விடும். விளக்கு அணைந்த பின்னும் விசிறி ஓடும் நிலை உங்கள் கருவியில் இருந்தால் ஓரிரு நிமிடம் அதை ஓடவிடுங்கள். சூடான ஹாலஜன் விளக்கின் இழை அதிர்ச்சி தாங்காது, ஆகவே அந்த நேரத்தில் மேசையையோ கருவியையோ நகர்த்த வேண்டாம். மறுபடி தொடங்கும்போது மோட்டார் தன் வேகத்தை எட்ட ஓரிரு நொடி ஆகும், அதுவரை இசை இழுபட்டுக் கேட்கும். பின்னோக்கி ஓட்டும் வசதி இருந்தால் நான்கைந்து அடி பின்னால் கொண்டுசென்று, ஒலியை அடக்கியே தொடங்கி, வேகம் நிலைத்த பின் ஒலியை உயர்த்துங்கள்; நிறுத்திய இடம் தெரியாமல் படம் தொடரும்.

மூன்று ரீல் படத்தில் எந்த முடிவை இடைவேளையாக்குவது, எதை வெறும் ரீல் மாற்றமாக விடுவது? பாதிக்குப் பின்னால் வரும் நிறுத்தத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். 35, 35, 30 நிமிடமாகப் பிரிந்திருக்கும் படத்தில் முதல் ரீலின் முடிவில் இருட்டிலேயே மாற்றிவிட்டு, எழுபதாவது நிமிடத்தில் இடைவேளை விடலாம். இடைவேளைக்குப் பின் மனிதர்களின் பொறுமை முன்பைவிடக் குறைவாகவே இருக்கிறது. பிற்பகுதி முற்பகுதியைவிட நீண்டால் அறையில் அசைவு கூடிவிடும். கதை முதல் ரீலின் முடிவில்தான் தெளிவாகத் திரும்புகிறது என்றால் இந்த விதியைத் தள்ளிவிடலாம். எதுவானாலும், தொடங்குவதற்கு முன்பே, முதல் நிறுத்தம் இரண்டு நிமிடம், இரண்டாவது பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு நிமிட நிறுத்தத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அவர்களுக்காக மீதிப் பேர் காத்திருக்க வேண்டும்.

சில பழைய நீண்ட படங்களில் இடைவேளை படத்துக்குள்ளேயே அமைந்திருக்கும்: எழுத்து தோன்றி மறைந்த பின் இருண்ட திரையின் மேல் சில நிமிடம் இசை மட்டும் ஒலிக்கும். விளக்கு பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். அந்த இசை பார்ப்பவர்களை மீண்டும் இருக்கைக்கு அழைப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. அதைச் சுற்றித்தான் உங்கள் நிறுத்தத்தை அமைக்க வேண்டும்.

ரீல் மாற்றத்தை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பது முன்னேற்பாட்டைப் பொறுத்தது. அடுத்த ரீல் தலை வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டு, பெட்டியிலிருந்து எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தலைக்குப் பச்சை லீடர், வாலுக்குச் சிவப்பு லீடர் என்ற வழக்கத்தைப் பின்பற்றினால் மங்கிய வெளிச்சத்திலும் தவறு வராது. 16 எம்எம்மில் ஆறு அடி லீடர் ஓடப் பத்து நொடி ஆகும். ஏற்றுவதற்கும் வேகம் நிலைப்பதற்கும் அது போதும். வாலில், படம் முடிந்தவுடன் வெள்ளை லீடர் வந்தால் இருட்டுக்குப் பழகிய கண்களில் திடீரென்று முழு வெளிச்சம் அறையும். சில அடி கறுப்பு லீடரை அங்கே ஒட்டிவைப்பது மிகச் சிறிய செலவில் கிடைக்கும் பெரிய நாகரிகம். கருவியின் அருகே, திரையின் மேல் ஒளி படாதபடி மறைத்த ஒரு சிறு விளக்கு இருக்கட்டும். முதல் ரீலை உடனே பின்சுற்ற முயல வேண்டாம். காலியான கொடுக்கும் ரீலைக் கழற்றி அடுத்த ரீலுக்கு வாங்கும் ரீலாக மாட்டிவிட்டால் நேரம் மிச்சம். ஒரே அளவில் கூடுதலாக ஒரு காலி ரீல் மட்டும் இருந்தால் எத்தனை ரீல் படத்தையும் இப்படியே ஓட்டலாம். மாற்றும் அந்த இடைவெளியில் கேட்டை மென்மையான பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். திரையின் ஓரத்தில் ஆடும் தலைமுடி போன்ற தூசு ரீல் முடியும்வரை ஒருவராலும் மறக்க முடியாதது. ஒரே பெரிய ரீலில் எல்லாவற்றையும் சேர்த்தவர்களுக்கு இந்தத் துடைக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை.

இனி சூப்பர் 8. 1965இல் வந்த இந்த அளவில் ஓர் அடிக்கு 72 ஃபிரேம். நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் 50 அடிச் சுருள் 3 நிமிடம் 20 நொடி ஓடும், 200 அடி 13 நிமிடத்துக்குச் சற்று மேல், 400 அடி ஏறத்தாழ 27 நிமிடம். 24 ஃபிரேம் வேகத்தில் 200 அடி சரியாக 10 நிமிடம், 400 அடி 20 நிமிடம், 600 அடி அரை மணி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ரீல் மாற்றிக்கொண்டிருப்பதை யாரும் விரும்புவதில்லை என்பதால், இங்கே சேர்த்து ஒட்டுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 400 அடி அதற்கு ஏற்ற அளவு, ஏனென்றால் பெரும்பாலான சூப்பர் 8 புரொஜெக்டர்கள் அதை இயல்பாக ஏற்கும். 600 அடியும் 1200 அடியும் அதற்கென்றே வடிவமைத்த ஒலிப்பட புரொஜெக்டர்களில் மட்டும்.

ஆனால் எவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். 1932இல் வந்த சாதாரண 8 எம்எம்மும் சூப்பர் 8-உம் ஒரே அகலம். துளையின் அளவும் இடைவெளியும் வேறு. சாதாரண 8இல் ஓர் அடிக்கு 80 ஃபிரேம். இரண்டையும் ஒரே ரீலில் ஒட்டினால், இரண்டு அளவையும் ஓட்டக்கூடிய கருவியில்கூட மாற்றுவிசையைத் திருப்பாமல் ஓடாது. ஒட்டு வந்த கணத்திலேயே துளைகள் கிழியும். ரீல்களின் நடுத்துளையும் வேறு: சாதாரண 8 ரீலின் துளை சிறியது, சூப்பர் 8 ரீலின் துளை பெரியது. 18 ஃபிரேமில் எடுத்ததையும் 24 ஃபிரேமில் எடுத்ததையும் கலந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் வேகவிசையைத் தேடிக்கொண்டிருக்க நேரும். கேமராவில் ஓடிய மூலச் சுருளும் கடையில் வாங்கிய அச்சுப் பிரதியும் சேர்ந்தால், எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கம் எதிரெதிராக இருக்க வாய்ப்புண்டு. அப்போது ஒட்டு கடந்தவுடன் படம் ஃபோகஸ் இழக்கும். இதே காரணத்தால், 16 எம்எம்மிலும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த குறும்படங்களை ஒரே ரீலில் கோப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. காந்த ஒலிப்பட்டை உள்ள ஃபிலிமில் டேப் ஒட்டு அந்தப் பட்டையை மூடக் கூடாது. மூடினால் அந்த இடத்தில் ஒலி விழும். சூப்பர் 8 காந்த ஒலி 18 ஃபிரேம் முன்னால் இருப்பதால், நடுவில் வெட்டுவதைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

மௌனப் படங்களுக்கு வேகம் குறைவு என்பதால் ரீல் நீண்ட நேரம் ஓடும். 16 எம்எம்மில் 18 ஃபிரேம் வேகத்தில் 1600 அடி ஏறத்தாழ 59 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த மௌனப் படம் ஒரே ரீலில் முடிந்துவிடுவதால் அங்கே இடைவேளையே வேண்டாம். முன்னால் ஒரு குறும்படத்தைத் தனி ரீலில் காட்டிவிட்டு, மாற்றும் நேரத்தைச் சிறு இடைவெளியாக்கிக்கொள்ளலாம்.

நிறுத்தமே இல்லாமல்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே வகைப் புரொஜெக்டர் இரண்டை அடுத்தடுத்து வைத்து, திரையரங்கில் செய்வதுபோல் குறிகளைப் பார்த்து மாறுவது. விளக்கின் வெண்மையும் படத்தின் அளவும் இரண்டிலும் ஒத்திருக்கும்படி முன்பே சரிசெய்ய வேண்டும். கை பழகிவிட்டால் இதைவிட மனநிறைவு தரும் முறை இல்லை, படமும் வெட்டப்படாமல் இருக்கும். மற்றொன்று, தனி மோட்டார்கள் கொண்ட நீள்ஓட்டக் கோபுரங்களில் முழுப்படத்தையும் ஒரே பெரிய ரீலில் ஏற்றுவது. இவை ஒரே படத்தை நாள்தோறும் திரும்பத் திரும்ப ஓட்டும் இடங்களுக்குப் பொருந்தியவை. ஒருமுறை காட்டுவதற்காக மூன்று ரீல்களை ஒட்டி, காட்டியபின் மறுபடி பிரித்து வைப்பது வீட்டுக்குத் தேவையற்ற சுமை, ஒவ்வொரு சுற்றிலும் பிரதியின் தலையும் வாலும் தேய்ந்துகொண்டே போகும்.

கடைசியாக, சேர்த்து ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுருளையும் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடிக்கும் அசெட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்திலுள்ள நல்ல ஃபிலிமின் சிதைவையும் முடுக்கும். அப்படிப்பட்டதை நல்ல பிரதியோடு ஒரே ரீலில் சுற்றவும் வேண்டாம், ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். அது சுருங்கியிருந்தால் துளைகளின் இடைவெளி குறைந்து, பற்சக்கரத்தில் சரியாக உட்காராமல் தட்டிக்கொண்டே ஓடும்; அந்தத் தட்டல் கேட்டதும் கருவியை நிறுத்திவிட்டு, அந்தச் சுருளை மட்டும் தனியாக எடுத்துக் காற்றோட்டமுள்ள வேறு பெட்டியில் வைத்துவிடுங்கள்.